எஸ்டேட் லயத்தில் 12 காகித மைக்ராஸ்கோப்: நான்கு மாதம் பயன்படுத்தியபின்

ஃபோல்டுஸ்கோப் என்கிற காகித மைக்ராஸ்கோப்பை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, அதிலும் வார இறுதியில் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு: தாராளமாக வாங்குங்கள். ஆனால் ஆளுக்கொன்று, முடியாவிட்டால் இரண்டு பேருக்கு ஒன்று வருகிற மாதிரி வாங்குங்கள். ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு இருபது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால், பள்ளிக்கூடத்து அலமாரியில் பூட்டிக்கிடக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

எனக்குக் கம்பம். சனிக்கிழமை காலையில் குமுளி பஸ் பிடித்து, அங்கிருந்து கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, போவேன். நாங்கள் மூன்று பேர், சம்பளம் எதுவும் கிடையாது. பிள்ளைகள் எல்லாம் தமிழ் மீடியம், 8 முதல் 10 வரை படிப்பவர்கள். அம்மாக்கள் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள். போன ஜனவரியில் கையிலிருந்த காசைச் சேர்த்து 12 வாங்கினோம். வாங்கிய இடத்தில் இரண்டு பாக்கெட்டில் காந்தம் இல்லாமல் அனுப்பிவிட்டார்கள், மாற்றி வாங்க மூன்று வாரம் ஆனது, அதனால் வந்ததும் எல்லாவற்றையும் பிரித்து எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

சரி, பொருளுக்கு வருகிறேன். கான்பூர் ஐஐடியில் படித்த மனு பிரகாஷும் அவருடைய மாணவர் ஜிம் சைபுல்ஸ்கியும் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கியது இது. ஆய்வுக் கட்டுரை 2014-ல் வந்தது. தாளை வெட்டுக்கோட்டில் பிரித்தெடுத்து மடித்துச் செருகினால் மைக்ராஸ்கோப் தயார். 140 மடங்கு பெரிதாகக் காட்டும். தாள் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது, எங்கள் பக்கத்து மூடுபனிக்கும் மழைக்கும் இது ரொம்ப முக்கியம். முதல் தடவை மடிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது, அவசரப்படுத்தாதீர்கள், எந்த மடிப்பு எதைத் தாங்குகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பதுதான் அங்கே இன்ஜினியரிங் பாடம்.

ஃபோகஸ் செய்வதில் பொறுமை வேண்டும். கண்ணை லென்ஸோடு ஒட்டி வைத்து, காகிதத்தை இம்மி இம்மியாக நகர்த்த வேண்டும். பொருள் ஏன் லென்ஸுக்கு இவ்வளவு கிட்டே இருக்க வேண்டும் என்று ஒரு பையன் கேட்டான். கரும்பலகையில் 250-ஐ 140-ஆல் வகுக்கச் சொன்னேன். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் குறைந்தபட்சத் தூரம் 25 செ.மீ., அதாவது 250 மி.மீ. அதை உருப்பெருக்கத்தால் வகுத்தால் குவியத் தூரம் (லென்ஸின் மையத்திலிருந்து பொருள் இருக்க வேண்டிய தூரம்) சுமார் 1.8 மி.மீ. வருகிறது. லென்ஸ் என்பது 2.4 மி.மீ. விட்டமுள்ள சின்னக் கண்ணாடிக் குண்டு. புத்தகத்தில் சூத்திரமாக மட்டுமே இருந்த குவியத் தூரம் அன்றைக்கு அவர்கள் மூக்குக்கு முன்னால் இருந்தது. அந்தப் பையன் அப்புறம் எல்லா லென்ஸுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி வெயிலில் தேயிலை இலையின் மேல்பக்கம் சிவந்துபோகும். செஞ்சிலந்திப் பேன் செய்கிற வேலை அது. தடித்த இலையை அப்படியே வைத்தால் வெளிச்சம் ஊடுருவாது, ஒன்றும் தெரியாது. செல்லோ டேப்பை இலைமேல் ஒட்டி எடுத்து, டேப்பை உள்ளே வைத்துப் பாருங்கள். கால்களை எண்ணச் சொன்னேன். ஒருத்தி எட்டு என்றாள், இன்னொருத்தி ஆறு என்று அடித்துச் சொன்னாள், சண்டையே வந்துவிட்டது. இரண்டு பேரும் சொன்னது சரிதான்! முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு ஆறு கால், தோலுரித்து வளர்ந்தபின் எட்டு. எட்டுக் கால் இருப்பதால் அது பூச்சியினம் இல்லை, சிலந்தியின் சொந்தம் என்கிற முடிவுக்கு அவர்களாகவே போய்ச் சேர்ந்தார்கள். அன்று மாலை ஒரு அம்மா லயத்து வாசலில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்காகத்தான் மருந்தடிக்கிறாங்களா, டீச்சர்?" என்று கேட்டார். இருபது வருடம் கொழுந்தெடுத்தவர், அதை இப்படிப் பார்ப்பது அதுவே முதல் தடவை.

எதிர்பார்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சுமார் 2 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே பிரித்துக் காட்டாது. தயிரில் பாக்டீரியா பார்க்கலாம் என்று ஆசையோடு கொண்டுவந்த பிள்ளை ஏமாந்துபோனது, அது என் தப்பு, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வெங்காயத் தோல், மகரந்தம், குளத்துத் தண்ணீர் எல்லாம் அருமையாகத் தெரியும். வெளிச்சத்துக்குச் சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, வானத்துப் பக்கமோ டியூப் லைட் பக்கமோ திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். காந்தம் வைத்துப் போன் கேமராவில் ஒட்டினால் படமும் எடுக்கலாம், ஆனால் முதல் மாதம் போனை எடுக்காதீர்கள், எல்லோரும் திரையைச் சுற்றி நின்றுவிடுகிறார்கள், கை பழகாது.

வகுப்பு முடிந்ததும் திரும்ப வாங்கி வைக்காமல் வாரத்துக்கு ஆறு பேரிடம் கொடுத்தனுப்புகிறோம். தொலைந்துபோகும் என்று மற்ற இருவரும் பயந்தார்கள். இதுவரை ஒன்றும் தொலையவில்லை, ஒரு லென்ஸில் மட்டும் கீறல்.

பெற்றோர் கேட்பது வேறு: பிள்ளை இன்ஜினியரிங் போகுமா? தமிழ்நாட்டில் 2021-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு அங்கே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது, மலைக்கு மேலே படிக்கும் இந்தப் பிள்ளைகள் அதில் வர மாட்டார்கள். கேரளத்தில் சேர அங்குள்ள நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். அதற்கு மைக்ராஸ்கோப் போதாது என்பது எங்களுக்கும் தெரியும், அதனால் ஞாயிறு காலையில் கணக்கு தனியாக நடக்கிறது.

ஜூனுக்குள் இன்னும் எட்டு வாங்கப்போகிறோம். மழை தொடங்கினால் இலையில் கொப்புள நோய் வந்துவிடும், அந்தப் பூஞ்சையைப் பார்க்க வேண்டும் என்று கால் எண்ணிச் சண்டை போட்ட இரண்டு பேரும் இப்போதே செல்லோ டேப் வாங்கி வைத்திருக்கிறார்கள்.