நகராட்சி வயர்லெஸ்: அனலாக்கை விட்டு டி.எம்.ஆருக்கு வந்தபின்

நகராட்சியில் வயர்லெஸ்ஸைப் புதுப்பிக்கும் பேச்சு எழுந்தால் முதலில் மேசைக்கு வருவது வாக்கி டாக்கி விலைப்பட்டியல்தான். பல மழைக்காலம் ஓட்டிப் பார்த்த பிறகு சொல்கிறேன்: செட் எந்தக் கம்பெனியுடையது என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. கோபுரம், கேபிள், எர்த், பேட்டரி, புரோகிராமிங் ஆகிய ஐந்தும் சரியாக இருந்தால் நடுத்தர விலை செட்டே நன்றாக உழைக்கும். இவற்றில் ஒன்று சறுக்கினால் எவ்வளவு விலை உயர்ந்த செட்டும் கரகரக்கும்.

இங்கே பேசுவது நடுத்தர ஊர் ஒன்றின் அமைப்பைப் பற்றி. குடிநீர், துப்புரவு, பொறியியல், சுகாதாரம், பேரிடர் கட்டுப்பாட்டு அறை எல்லாமே 150 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரே அனலாக் சேனலில் பேசிக்கொண்டிருக்கும். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் உச்சியில் ஆன்டெனா, கீழே அறையில் ஒரு ரிப்பீட்டர், அதாவது செட்டின் சிக்னலை வாங்கி ஊர் முழுக்க மறுபடி அனுப்பும் கருவி. காலையில் துப்புரவு வண்டிகள் பேசத் தொடங்கினால் வால்வு திறப்பவருக்கு வாய்ப்பே கிடைக்காது. டி.எம்.ஆர். என்ற டிஜிட்டல் வயர்லெஸ் முறை இந்த நெருக்கடியைத்தான் தீர்க்கிறது. 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனல் ஒன்றை 30 மில்லிசெகண்ட் துண்டுகளாக (ஸ்லாட்) மாற்றி மாற்றிப் பகிர்வதால், ஒரே ரிப்பீட்டரில் இரண்டு உரையாடல்கள் ஒரே நேரத்தில் ஓடும். ஐரோப்பிய எட்ஸி அமைப்பு 2005இல் வெளியிட்ட திறந்த தரம் இது. பெருநகரக் காவல்துறைக்கு டெட்ரா என்ற பெரிய டிஜிட்டல் வயர்லெஸ் முறை பொருந்தும். ஒரு ரிப்பீட்டரில் முடிகிற ஊருக்கு அந்தச் செலவு தேவையில்லை, டி.எம்.ஆரில் சாதாரண ரிப்பீட்டருக்கான இரண்டாம் அடுக்கு (டயர் 2) போதும்.

சிம் கார்டு போட்ட வாக்கி டாக்கி மலிவு என்று விற்க வருவார்கள். அன்றாட வேலைக்கு நல்ல கருவிதான். ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா புயலின்போது டெல்டாவிலும் கைபேசிக் கோபுரங்கள் மின்சாரம் இல்லாமல் அடங்கிப்போயின. ஊருக்கு வயர்லெஸ் உயிர்நாடியாகிற அந்த நாட்களில் சிம் செட்டால் பயனில்லை. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், முதன்மையாக வைக்கக் கூடாது.

மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவில் அலைவரிசை ஒதுக்கீடும், கோபுரத்தின் இடத்துக்கும் உயரத்துக்கும் தரப்படும் சாக்ஃபா அனுமதியும் வாங்க வேண்டும். விண்ணப்பம் சரள் சஞ்சார் தளத்தில். மாதக்கணக்கில் ஆகலாம் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். அலைவரிசை கைக்கு வரும் முன், ஒரே ஆன்டெனாவில் அனுப்பவும் பெறவும் உதவும் டூப்ளெக்சரும் ஆன்டெனாவும் வாங்காதீர்கள்; இரண்டும் குறிப்பிட்ட அலைவரிசைக்கு டியூன் செய்யப்படுபவை.

இனி ரிப்பீட்டரையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கேபிள். ரிப்பீட்டர் மாற்றும்போது பழைய கேபிளை அப்படியே விட்டுவிடுவது மிகப் பரவலான வழக்கம், மிக மோசமான சிக்கனமும் அதுவே. 30 மீட்டர் நீள ஆர்.ஜி. 213 கேபிள் 150 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 3 டெசிபல் விழுங்கும். 50 வாட் அனுப்பினால் மேலே போய்ச் சேருவது அதில் பாதி. அரை அங்குல ஃபோம் கேபிள் போட்டால் இழப்பு 1 டெசிபலுக்குள் நிற்கும், 40 வாட்டுக்கு மேல் ஆன்டெனாவுக்குப் போகும். கீழே வரும் சிக்னலுக்கும் இதே இழப்புதான். தெருவில் நிற்பவர் கையிலுள்ள 5 வாட் செட்டின் குரல் ரிப்பீட்டரை எட்டுவதுதான் இந்தச் சங்கிலியில் பலவீனமான கண்ணி என்பதால், அந்தப் பக்க இழப்பு இன்னும் அதிகமாக வலிக்கும்.

கேபிள் கெடுவது பெரும்பாலும் கனெக்டரில் நீர் புகுவதால். தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை நீட்டிச் சுற்றி, மேலே வினைல் டேப் போட்டு, அறைக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டால் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும். அணில் கடித்த தடத்தையும் மழைக்கு முன் பார்த்துவிடுங்கள், உறை கிழிந்த இடத்திலும் நீர் இறங்கும். ஆன்டெனா பக்கத்திலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். அளவு 1.5ஐத் தாண்டினால் அனுப்புவதை நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள். கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில் இடிதாங்கி அரெஸ்டர் வைத்து, அதன் எர்த், கோபுர எர்த், மின் எர்த் மூன்றையும் செம்புப் பட்டையால் ஒன்றாக இணைக்க வேண்டும். தனித்தனியாக விட்டால் இடி விழும்போது எர்த்துகளுக்கு இடையே எழும் மின்னழுத்தம் ரிப்பீட்டர் வழியாகவே பாயும்.

தொட்டி வளாகத்தில் இடம் தேடும்போது ஒரு எச்சரிக்கை. குளோரின் சிலிண்டர் இருக்கும் அறையிலோ அதன் பக்கத்து அறையிலோ ரிப்பீட்டரை வைக்காதீர்கள். கசிவே தெரியாத அளவுக் குளோரின்கூட கனெக்டரையும் சர்க்யூட் போர்டையும் மெல்ல அரிக்கும். அதேபோல நீரேற்று நிலையத்தின் மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் நம் சேனல் இருக்கும் வி.எச்.எஃப். அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டும். அனலாக்கில் அது இரைச்சலாகக் காதில் விழுந்தது. டிஜிட்டலில் காதில் விழாது, எட்டும் தூரம்தான் குறையும். மோட்டார் ஓடும்போதும் நிற்கும்போதும் ஒரே இடத்திலிருந்து பேசிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பேட்டரிக் கணக்கை விற்பனையாளரிடம் விடாமல் நீங்களே போடுங்கள். 50 வாட் ரிப்பீட்டர் அனுப்பும்போது சுமார் 11 ஆம்பியர், சும்மா இருக்கும்போது சுமார் 1 ஆம்பியர் இழுக்கும். சாதாரண நாளில் நேரத்தில் கால் பங்கு அனுப்பினால் சராசரி 3.5 ஆம்பியர். வெள்ள நாளில் பாதி நேரம் அனுப்பும், சராசரி 6 ஆம்பியர். 48 மணி நேரம் தாங்க 288 ஆம்பியர் மணி வேண்டும். பேட்டரியை முழுக்க வடித்துவிட முடியாது என்பதையும் சேர்த்தால் 12 வோல்ட் 200 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரி இரண்டை இணையாகப் போட வேண்டும். ஒற்றை 100 ஆம்பியர் மணி பேட்டரியோடு கொடுக்கப்படும் அமைப்பு புயல் நாளில் ஒரு பகலைத் தாண்டுவதே கடினம். நீர்மட்டம் ஏறினாலும் எட்டாத உயரத்தில் பேட்டரி ஸ்டாண்டு இருக்கட்டும்.

புரோகிராமிங்தான் அன்றாட நிம்மதியைத் தீர்மானிப்பது. ஸ்லாட் ஒன்றில் கட்டுப்பாட்டு அறை, குடிநீர், பொறியியல். இரண்டில் துப்புரவும் சுகாதாரமும். அதிகம் பேசும் துறையைத் தனி ஸ்லாட்டில் தள்ளுவதே இதன் நோக்கம். ஒவ்வொரு துறைக்கும் ஒரு டாக் குரூப் (தனிப் பேச்சுக் குழு), எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. பக்கத்து ரிப்பீட்டரின் பேச்சு கலக்காமல் பிரிக்கும் எண்ணான கலர் கோடு 0 முதல் 15 வரை இருக்க, பலர் தொழிற்சாலை அமைப்பான 1ஐயே விட்டுவிடுவார்கள். வேறு எண் வையுங்கள். பேச அனுமதிக்கும் நிபந்தனையை ‘எப்போதும்’ என்று வைத்தால் ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் ஏறிவிடுவார், ‘கலர் கோடு காலியாக இருந்தால்’ என்று வையுங்கள். ஒரே தடவையில் பேசும் நேர வரம்பு (டைம் அவுட்) 60 விநாடி: சீட்டுக்கு அடியில் பட்டன் அமுங்கிக் கிடக்கும் மைக் ஒன்று ஸ்லாட்டையே முடக்குவதை இதுதான் தடுக்கும். செட்டின் அடையாள எண்ணை ஆளுக்குக் கொடுக்காமல் பணியிடத்துக்குக் கொடுங்கள். ஆள் மாறுவார், 12ஆம் வார்டு மாறாது. சேனல் குமிழில் ஒரே இடத்தில் எல்லாச் செட்டிலும் ஒரே சேனல் வர வேண்டும். கடைசி இடம் ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசும் சேனலுக்கு. ரிப்பீட்டரே விழுந்தாலும் இருட்டில் குமிழைக் கடைசிவரை திருப்பினால் பக்கத்தில் இருப்பவர் கிடைப்பார்.

பயிற்சியில் இரண்டே விஷயத்தை வற்புறுத்த வேண்டும். பட்டனை அமுக்கி, ‘பீப்’ கேட்ட பிறகு பேச வேண்டும். இல்லையென்றால் முதல் சொல் போய்விடும். ‘மேற்கு வால்வு மூடு’ என்பதில் எந்த வால்வு என்பது போனால் விபரீதம்தான். அடுத்தது, மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்து இயல்பான குரலில் பேச வேண்டும். கத்தினால் டிஜிட்டலில் குரல் உடையும். அனலாக்கில் சிக்னல் குறையும்போது இரைச்சல் கூடி முன்கூட்டியே எச்சரிக்கும், டிஜிட்டலில் கடைசிவரை தெளிவாக இருந்து சட்டென்று அறுந்துவிடும். பழைய ஆட்கள் இதைத்தான் ‘புது செட் சரியில்லை’ என்று குறை சொல்வார்கள். அவர்கள் சொல்லும் தெருக்களைக் குறித்து, செட்டை இடுப்பில் மாட்டியபடி நடந்து பேசிச் சோதியுங்கள். இடுப்பில் இருக்கும்போது உடலே சிக்னலைக் கணிசமாகத் தின்றுவிடும். கையில் உயர்த்திப் பிடித்துச் செய்த சோதனையை நம்பக் கூடாது.

லாரிகளில் ஒரு தவறு ஊருக்கு ஊர் நடக்கிறது. கனரக வண்டி 24 வோல்ட், செட் 12 வோல்ட். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் இணைப்பு எடுத்துவிடுவார்கள். செட் வேலை செய்யும். ஆனால் அந்தப் பேட்டரி மட்டும் வடிந்து, மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகி, இரண்டும் சீக்கிரம் கெடும். 25 வாட் மொபைல் செட்டுக்கு 10 ஆம்பியர் டி.சி. கன்வெர்ட்டர் போட்டு, பேட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ் வைக்க வேண்டும். கழிவுநீர் நிலையங்களில் மீத்தேன் சேரும் இடத்துக்குத் தீப்பொறி பாதுகாப்புச் சான்று பெற்ற செட் மட்டுமே போக வேண்டும். அதில் சாதாரண பேட்டரியை மாட்டினால் அந்தச் சான்று செல்லாது, ஆபத்து உண்மையாகவே வரும். தனி நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டி, அந்த பேட்டரிகளைத் தனி சார்ஜரில் வையுங்கள்.

மாற்றத்தைப் பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் முடியுங்கள். அக்டோபரில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழையிலேயே பிழைகளைத் திருத்த வேண்டிவரும்.

டெண்டரில் சேர்க்க வேண்டிய வரிகள் சில. வேறு கம்பெனி செட்டோடு பேச்சு ஒத்துப்போகும்; குறுஞ்செய்தி, ஜி.பி.எஸ்., சாதாரணக் குறியாக்கம் ஆகியவை பெரும்பாலும் ஒத்துப்போகாது என்பதால் இரண்டாவது கம்பெனியின் மாதிரி செட்டை வைத்து நேரில் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். புரோகிராமிங் மென்பொருள், கேபிள், ஒவ்வொரு செட்டின் அமைப்புகள் அடங்கிய கோட்பிளக் கோப்பு, அதன் கடவுச்சொல் எல்லாம் நகராட்சி பெயரிலேயே ஒப்படைக்கப்பட வேண்டும். கடவுச்சொல் ஒப்பந்ததாரரிடம் மட்டும் இருந்தால், அவர் போன பிறகு ஒரு டாக் குரூப் சேர்க்கக்கூட முடியாமல் நூற்றுக்கணக்கான செட்டுகளை முழுக்க அழித்து மறுபடி எழுத வேண்டிவரும். கையொப்பமிடும் முன்பே ஒரு செட்டை உங்கள் ஊழியர் தாமாகவே படித்து எழுதிக் காட்டட்டும்.