பை (π) மதிப்பைத் தேடும் செயல்திட்டம்: விரிதாளா, பைத்தானா?

சதுரத்துக்குள் சமவாய்ப்புப் புள்ளிகளைத் தூவி, கால்வட்டத்துக்குள் விழுந்தவற்றின் விகிதத்தை 4ஆல் பெருக்கினால் பை மதிப்பை நெருங்கலாம். மீத்திறன் மாணவர்களை இதை எதில் செய்யவைப்பது, எக்செல் போன்ற விரிதாளிலா, பைத்தான் நிரல்மொழியிலா?

தொடக்கம்
விரிதாள்: மூன்று நெடுவரிசை போதும். 0 முதல் 1 வரையிலான சமவாய்ப்பு எண்களாக எக்ஸ், ஒய், பிறகு இரண்டின் வர்க்கங்களின் கூடுதல் 1ஐத் தாண்டாவிட்டால் 1, தாண்டினால் 0.
பைத்தான்: பத்து வரி நிரல். உள்தள்ளல் (வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி) பிசகினால் எண்ணும் வரி சுழற்சிக்கு வெளியே போய், கடைசிப் புள்ளியை மட்டும் எண்ணும்.

துல்லியம்
பெரிய வேறுபாடு இங்கேதான். 1000 புள்ளிகளில் பிழை ஏறத்தாழ 0.05. அதைப் பத்தில் ஒன்றாக்க 100 மடங்கு புள்ளிகள் வேண்டும். சூத்திரத்தை லட்சம் வரிசைக்கு இழுத்தால் விரிதாள் திணறும். பைத்தான் பத்து லட்சத்தையும் சில நொடிகளில் முடிக்கும்.

மறுபடி செய்தல்
விரிதாள்: எந்தக் கட்டத்தைத் திருத்தினாலும் எண்கள் மாறிவிடும், நோட்டில் எழுதிய விடை திரையில் இருக்காது. மதிப்புகளை மட்டும் நகலெடுத்து ஒட்டச் சொல்லுங்கள்.
பைத்தான்: தொடக்கத்தில் ஸீட் எண் (சமவாய்ப்பு எண் வரிசையைத் தொடங்கும் எண்) கொடுத்தால் அதே விடை வரும்.

படம்
விரிதாளில் சிதறல் வரைபடம் உடனே கிடைக்கும். அச்சுகளின் அளவைச் சமமாக்காவிட்டால் வட்டம் நசுங்கித் தெரியும்.

ஒரே பாடவேளைதான், நிரலாக்கமும் புதிது என்றால் விரிதாள். பிழை ஏன் இவ்வளவு மெதுவாகக் குறைகிறது என்று கேட்கும் பிள்ளைகளுக்குப் பைத்தான். அவர்களை விரிதாளில் கட்டிப்போடாதீர்கள்.