கோவை யூ-டர்னும் மேனுவல் கிளட்சும்: செட் மாற்றிய கையோடு எழுதுவது

மைலேஜ், டிக்கி, ஏசி பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதியாச்சுங்க. கிளட்ச் செட் மாற்றி என் மேனுவல் கார் (கியரை நாமே மாற்றும் கார்) ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த நேரத்தில், "பெட்ரோல் மேனுவல் எடுக்கலாமா?" என்று நண்பர் கேட்கிறார். அதனால் என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைத்துப் பிரிக்கும் கிளட்ச் பற்றி மட்டும்.

லாலி ரோடு, சுங்கம் பக்கமெல்லாம் 2023-இல் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்தார்கள். நேரம் மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் சிவப்பு விளக்கு எரிந்தவரை நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்துவிடலாம், கிளட்ச் ஆறும். இப்போது இடப்பக்கம் திரும்பி, ஓடுகிற வண்டிகளுக்குள் நுழைந்து, வலது ஓரம் ஒதுங்கி, மீடியன் (சாலை நடுத்தடுப்பு) இடைவெளியில் அரையடி அரையடியாக நகர வேண்டும். முன்னால் ஒரு பஸ் ஒரே வீச்சில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டால் தீர்ந்தது. அத்தனை நேரமும் ஃபர்ஸ்ட் கியரில் ஹாஃப் கிளட்ச், அதாவது பெடலைப் பாதி மிதித்தபடி. கிளட்ச் பிளேட் உரசி உரசிச் சூடேறி அதன் மேலுள்ள உராய்வுப் பூச்சான லைனிங் தேய்கிறது. காந்திபுரம் மேம்பால ஏற்றத்தில் பிரேக் போடாமல் கிளட்சிலேயே வண்டியை நிறுத்திப் பிடிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம் போகும். ஹேண்ட் பிரேக் எதற்கு இருக்கிறது?

தேய்ந்ததைக் கண்டுபிடிக்க: பெடலை ஏறக்குறைய முழுதாக விட்ட பிறகுதான் வண்டி நகரும். ஃபோர்த் கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் (என்ஜின் சுழற்சி) ஏறும், வேகம் ஏறாது. சந்தேகம் இருந்தால் சமதளத்தில், முன்னால் காலியிடம் பார்த்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, தேர்ட் கியர் போட்டு, ஆக்சிலரேட்டர் தொடாமல் கிளட்சை விடுங்கள். என்ஜின் உடனே அணைந்தால் பிளேட் பிடிக்கிறது. அணையாமல் ஓடினால் வழுக்குகிறது. அடிக்கடி செய்து பார்க்காதீர்கள், அதுவும் தேய்மானம்தான்.

மாற்றும்போது பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அதை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கியர்பாக்ஸை இறக்கும் கூலிதான் பெரிது; பேரிங்கை மிச்சம் பிடித்தால் அது ஊளையிடும்போது அதே கூலியை மறுபடி தர வேண்டும். இறக்கியிருக்கும்போதே கிராங்க் (என்ஜின் தண்டு) பின்பக்க ஆயில் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள். அது கசிந்தால் புது பிளேட்டும் எண்ணெயில் நனைந்து வழுக்கும். பிளேட் உரசும் என்ஜின் பக்கச் சக்கரமான ஃபிளைவீல் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தால் அதைக் கவனிக்காமல் மூட விடாதீர்கள்.

ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்றும் வகை) எடுத்தால் தப்பிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அதிலும் இதே உலர் பிளேட்தான். மிதிப்பது நம் காலுக்குப் பதில் ஆக்சுவேட்டர் என்ற கருவி. நெரிசலில் ஊர்ந்தால் அதுவும் சூடாகும். பிளேட் உரசலுக்குப் பதில் எண்ணெய் வழியாக விசை கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான் இந்த ஊருக்குச் சரி.

அவினாசி ரோட்டில் 2025 அக்டோபரில் திறந்த 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் எதிர்பாராத சந்தோஷம். கூட்டமில்லாத வேளையில் உப்பிலிபாளையத்தில் ஏறி கோல்டுவின்ஸ் வரை ஒரே கியரில் போகலாம். இறங்கியதும் மறுபடி பழைய கதை.

ஊருக்குள்ளேயே ஓட்டுவதாக இருந்தால் மேனுவல் வேண்டாம் என்றுதான் நண்பருக்குச் சொன்னேன். ஆனாலும் அடுத்த வண்டியும் எனக்கு மேனுவல்தான். வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவுகளையும் செகண்ட் கியரில் பிரேக் சூடாகாமல் இறக்கும் பிடிமானம், நமக்கு வேறு எதிலும் வராதுங்க.