கேம் பிஷிங் படகுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய குப்பங்களிலிருந்து 'கேம் பிஷிங்', அதாவது பொழுதுபோக்குக்காகக் கடலில் தூண்டில் போட்டுப் பெரிய மீன் பிடிக்கக் கூட்டிப்போகிறோம் என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். ஒழுங்காக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள், எல்லோரையும் சொல்லவில்லை. எங்களை ஏமாற்றியவரின் பெயரை இங்கே போடப் போவதில்லை. நாளைக்கே வேறு பெயரில் கணக்கு தொடங்கிவிடுவார். அவர் செய்கிற வேலை என்னவென்று தெரிந்துகொண்டால் அதுதான் உதவும்.

நான்கு பேருக்கு 18,000 ரூபாய், பாதி முன்பணம், ஜிபேயில். விடியற்காலை கிளம்பி மதியத்துக்குள் கரை சேர வேண்டியது. ராடு, ரீல், லூர் (இரை மாதிரி செய்த போலி மீன்) எல்லாம் அவர்களுடையது. ஆளுக்கொரு லைப் ஜாக்கெட். பெட்டி நிறைய ஐஸ். பிடிக்கிற மீன் அத்தனையும் நமக்கே, கரையில் வெட்டிச் சுத்தம் செய்தும் தருவார்கள். இவ்வளவையும் வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பினார். கூடவே படங்கள்: ஆள் உயரத்துக்கு ஒரு மயில்மீன், இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்த ராட்சசப் பாரை. அந்தப் பாரைப் படத்தில் தெரிகிற தண்ணீரின் நிறத்தைப் பார்த்தால் அந்தமான் பக்கம் எடுத்தது போல இருக்கிறது. நம் கரையோரத்தில் அந்த நீலம் ஏது?

பிப்ரவரி மாதம், கடல் அலையே இல்லாமல் கிடந்தது. வந்தது சாதாரண பைபர் போட்டு. அதில் எனக்குக் குறை இல்லை, வஞ்சிரத்துக்கு அது போதும். லைப் ஜாக்கெட் இரண்டுதான் இருந்தது, அதிலும் ஒன்றுக்குக் கொக்கி இல்லை. ரீலைக் கையில் வாங்கிப் பார்த்த என் மச்சான், "பிரேக் உப்பு பூத்து இறுகிப்போச்சு, சுத்தவே மாட்டேங்குது" என்றான். எல்லாவற்றையும் விட மோசம், லூருக்கு மேலே கம்பி இல்லை, நரம்பை (நைலான் தூண்டில் கயிற்றை) நேராகக் கட்டியிருந்தார்கள்.

வஞ்சிரம் பிடிக்கப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதன் பல்லுக்கு நரம்பெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. லூருக்கு மேலே ஒரு சாண் ஸ்டீல் கம்பி இல்லையென்றால் கடித்த வேகத்தில் அறுத்துக்கொண்டு போய்விடும். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் லூர் போனது. போன லூருக்கு 900 ரூபாய் என்று அங்கேயே கணக்கில் எழுதிக்கொண்டார். கம்பி கட்டாதது அவர், பணம் கொடுப்பது நாங்கள்!

அப்புறம் மச்சான் தன் பையிலிருந்த கம்பியை எடுத்துக் கட்டினான். கடலுக்கு அடியில் பார் (பாறைத் திட்டு) இருக்கிற இடத்துக்கு மேலாக லூரை இழுத்துக்கொண்டே மெதுவாகப் போனபோது, ஏழு மணி வாக்கில் நல்ல வஞ்சிரம் ஒன்று கிடைத்தது. ஏழு கிலோ இருக்கும். பக்கவாட்டில் முதுகிலிருந்து வயிறு வரை அலை அலையாகக் குறுக்குக் கோடுகள். படம் எடுத்து உடனே வீட்டுக்கு அனுப்பினேன். அதற்குப் பின்னாலேயே சூரை (டூனா) கூட்டம் ஒன்று மேலே வந்து, நாலைந்து சூரையும் ஏறின.

மீனை உள்ளே வைக்கலாம் என்று பெட்டியைத் திறந்தால், அடியில் ஒரு கை அளவு ஐஸ், அதன் மேல் எங்களுக்கான தண்ணீர் பாட்டில்கள். கேட்டதற்கு, "ஐஸ் எதுக்கு சார், இப்பதானே புடிச்சது, பிரெஷ்ஷு" என்றார். மீனைப் பலகை மேல் போட்டு ஈரச் சாக்கால் மூடினார். நாங்கள் கரைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. இத்தனை நேரமும் வெயில் அதன் மேல்தான். வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்து, ஐஸில் அடுக்கிக் கொண்டுவருகிறார்களே கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள், அந்த மீன் எங்கள் 'பிரெஷ்' மீனைவிட நன்றாக இருந்திருக்கும்.

கரையில் "நீங்க டீ குடிச்சிட்டு வாங்க சார், வெட்டி வைக்கிறோம்" என்றார்கள். திரும்பி வந்தபோது கறுப்புக் கவரில் கட்டி ரெடியாக இருந்தது. வீட்டில் அம்மா கவரைப் பிரித்து, ஒரு துண்டை எடுத்துத் தோலைத் திருப்பிப் பார்த்தார். "போட்டோவுல கோடு கோடா இருந்துச்சு. இதுல புள்ளி புள்ளியா இருக்கு. இது நீ புடிச்ச மீன் இல்லடா."

அம்மா சொன்னது சரி. வஞ்சிரம் என்று விற்பதில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. கோடு போட்டது பெரிதாக வளரும், புள்ளி போட்டது சின்ன இனம். எங்களுக்கு வந்தது புள்ளி வஞ்சிரம், அதுவும் செவுள் பக்கம் வெளுத்துச் சதை தொளதொளவென்று இருந்தது. பெரிய வஞ்சிரம் கிலோ ஆயிரத்தைத் தாண்டுகிற ஊரில் எங்கள் மீன் எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சூரையை மட்டும் மாற்றாமல் கொடுத்திருந்தார்கள். அதற்குத்தான் விலை இல்லையே.

அந்தச் சூரைதான் எங்களைப் படுக்கவைத்தது. வறுத்தபோது வாடை எதுவும் இல்லை, பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. வாயில் வைத்ததும் நாக்கு ஓரம் மிளகு கடித்த மாதிரி சுர்ரென்றது. மசாலாவில் மிளகே போடவில்லை. அரை மணி நேரத்தில் எனக்கு முகமும் கழுத்தும் சிவந்து எரிந்தன, நெஞ்சு படபடத்தது, தலைவலி. மச்சானுக்கு மார்பெல்லாம் தடிப்பு, வயிற்றுப்போக்கு. மருத்துவமனையில் பணியிலிருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மீன் சாப்பிட்டீங்க?" சூரை என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. அலர்ஜிக்குப் போடுகிற ஊசியே போட்டார். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. ஆனால் இது மீன் அலர்ஜி இல்லை, இனிமேல் மீனே சாப்பிடக்கூடாது என்று பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

அவர் விளக்கியது இதுதான். சூரை, வஞ்சிரம், அயிலை, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்கிற அமினோ அமிலம் அதிகம். மீன் செத்த பிறகு உடம்பு குளிராமல் இருந்தால், செவுளிலும் குடலிலும் இருக்கிற பாக்டீரியா பெருகி அதை ஹிஸ்டமினாக, அதாவது அலர்ஜி வரும்போது நம் உடம்பே சுரக்கிற அதே பொருளாக மாற்றிவிடும். நம் ஊர் வெயிலில் அதற்குச் சில மணி நேரம் போதும். அப்படி உண்டான ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் போகாது, எண்ணெயில் பொரித்தாலும் போகாது, ப்ரீசரில் வைத்தாலும் போகாது. நாற்றமும் வராமல் இருக்கலாம். சூரையின் உடம்பு சுற்றியுள்ள தண்ணீரைவிடச் சூடானது, தூண்டிலில் போராடும்போது இன்னும் சூடாகும். அதனால் ஏற்றியவுடன் செவுளைக் கீறி ரத்தத்தை வடியவிட்டு, ஐஸும் கடல்தண்ணீரும் கலந்த தொட்டியில் முக்கிவிட வேண்டும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸாவது வேண்டும். இதெல்லாம் கடலில் பிழைக்கிறவருக்குத் தெரியாத விஷயமா என்ன? ஐஸ் காசு மிச்சம், அவ்வளவுதான்.

போவதாக இருந்தால் படகில் ஏறும் முன்பே பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், ஐஸ் இல்லையென்றால் ஏறாதீர்கள். படகின் பதிவு எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். மீனை உங்கள் கண் முன்னால் வெட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் முழு மீனாக வாங்கி வந்துவிடுங்கள். டீ எங்கேயும் ஓடிப்போகாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "மீன் உங்களுக்கு ஒத்துக்கலைன்னா நாங்க என்ன சார் பண்றது, அடுத்த டிரிப் பாதி விலைக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்று பதில் வந்தது. மீன் மாறியது பற்றிக் கேட்டதும் நம்பரை பிளாக் செய்துவிட்டார். பில் எதுவும் கொடுக்கவில்லை. ஜிபே ரசீது, வாட்ஸ்அப் செய்திகள், கோடு போட்ட மீனின் படம், புள்ளி போட்ட துண்டின் படம், ஆஸ்பத்திரிச் சீட்டு, இவற்றை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் கையில் இருக்கிற ஆதாரங்களை அழித்துவிடாதீர்கள், நீங்களும் அங்கே பதிவு செய்யுங்கள்.