லுக்லாவில் இறங்குவதா, ஜிரியிலிருந்து நடப்பதா?

எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை சொகுசாக, இரண்டாவது தடவை வீம்புக்கு. "எப்படிப் போனா நல்லது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்லும்போதெல்லாம் பாதியை முழுங்கிவிட்ட மாதிரியே இருக்கும். மீதிப் பாதி இது.

சொகுசு வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். காட்மாண்டுவிலிருந்து குட்டி விமானத்தில் லுக்லா. சீசனில் பெரும்பாலும் நடுராத்திரியில் எழுந்து, நாலைந்து மணி நேரம் ஜீப்பில் போய், ராமேச்சாப்பில்தான் அந்த விமானத்தைப் பிடிக்க வேண்டியிருக்கும். லுக்லா 2,845 மீட்டர் உயரம். ஓடுபாதை மொத்தமே 527 மீட்டர், அதுவும் சாய்வு. இறங்கியதும் போர்ட்டர் பெரிய பையை வாங்கிக்கொள்வார். உங்கள் முதுகில் தண்ணீர், ஜாக்கெட், கேமரா அவ்வளவுதான். போக வர சுமார் 130 கிலோமீட்டர், 12 நாள்.

முரட்டு வழி ஜிரி என்கிற மலையூரிலிருந்து. காட்மாண்டுவில் காலையில் பஸ் ஏறினால் நாள் முழுக்கக் குலுங்கி, சாயங்காலம் ஜிரி. 1,900 மீட்டர் சுமாருக்கு உயரம். அங்கிருந்து லுக்லாவைத் தொடவே ஆறேழு நாள் நடை. அதற்கு மேலே இரண்டு வழியும் ஒன்றுதான். பையை நீங்களே சுமக்கிறீர்கள். 1964இல் எட்மண்ட் ஹிலாரி முன்னின்று லுக்லாவில் ஓடுபாதை போடும்வரை இந்தப் பக்கம் வந்தவர்களுக்கு நடையைத் தவிர வேறு வழி கிடையாது. 1953இல் அவரும் டென்சிங்கும் உச்சியைத் தொட்ட அந்தக் குழு காட்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்தே நடந்துதான் வந்தது, 350க்கும் மேற்பட்ட சுமைக்காரர்களோடு. அப்போது ஜிரிக்குச் சாலையே கிடையாது.

கூடாரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டு வழியிலும் ஊருக்கு ஊர் தங்கும் விடுதி இருக்கிறது. சுடச்சுடப் பருப்புச் சாதம் கிடைக்கும் பாதையில் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

கால் சொல்லும் வித்தியாசம்

வரைபடத்தில் ஜிரி பாதை சாதுவாகத் தெரியும். நடந்தால்தான் விஷயம் புரியும். அங்கே ஆறுகள் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகின்றன. நாம் மேற்கிலிருந்து கிழக்கே போகிறோம். அதனால் ஒவ்வொரு மலை முகட்டையும் குறுக்கே ஏறி இறங்கியாக வேண்டும். தேவ்ராலி 2,710 மீட்டர், லம்ஜுரா 3,530, தக்சிந்து 3,071. கடைசியில் தூத்கோசி ஆற்றுக்காக 1,500 மீட்டர் வரை இறங்கிவிடுவீர்கள். ஐந்து நாள் நடந்தபிறகு, புறப்பட்ட இடத்தைவிடத் தாழ்வாக நிற்பீர்கள். அந்த இடத்தில் என் கூட்டாளி பையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, கால்மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

ஆனால் அந்த ஆறு நாளில் கண்ட நேபாளம் லுக்லாவுக்கு மேலே கிடையாது. உருளைக்கிழங்குத் தோட்டம், பள்ளிக்கூடம் விட்டு ஓடிவரும் பிள்ளைகள், மாலையில் அடுப்புப் புகை. ஜுன்பேசியைத் தாண்டிய மேட்டில், வானம் தெளிவாக இருந்தால், தூரத்தில் எவரெஸ்ட் முதல் தடவையாகத் தலைகாட்டும். லுக்லா வழியில் இதற்கு ஈடு, லுக்லாவுக்கு மேலே இருக்கும் சந்தையூரான நாம்சே பஜார்: பேக்கரி, எஸ்பிரஸோ, மலைச்சாமான் கடைகள். நாம்சேயைக் குறைசொல்ல மாட்டேன். இரண்டாவது தடவை பத்து நாள் நடந்து போய்ச் சேர்ந்தபோது அந்த பேக்கரி ஆப்பிள் பை (apple pie) தின்ற வேகம் எனக்கே வெட்கமாக இருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜீப் சாலை வருஷாவருஷம் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. பழைய நடைபாதையைப் பல இடங்களில் புழுதிச் சாலை விழுங்கிவிட்டது. ஜிரி வழியில் போக ஆசை என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

உயரத்தோடு பேரம் இல்லை

உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டுமே. அதனால் மூவாயிரம் மீட்டருக்கு மேலே போனால், படுக்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் தங்க வேண்டும். மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி இதுதான். சொகுசு வழியின் பலவீனம் இங்கேதான். அரைமணி நேரத்தில் 2,845 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். முதுகில் பாரமும் இல்லை. "நல்லாத்தானே இருக்கேன்" என்று கால் துள்ளும். அந்தத் துள்ளலில்தான் நான் முதல் தடவை நாம்சேயில் ஓய்வுநாளைத் தவிர்த்தேன். 4,410 மீட்டரில் இருக்கும் திங்போச்சேயில் ராத்திரி முழுக்க மண்டைக்குள் யாரோ அம்மி கொத்தினார்கள். சாப்பிட்டது எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. மறுநாள் கீழே இறங்கி, இரண்டு நாளைத் தொலைத்து, மறுபடி ஏறினேன்.

ஜிரியிலிருந்து வந்தபோது லம்ஜுராவில் 3,530 மீட்டர் வரை ஏறி, தாழ்வான இடத்தில் தூங்கி, உடம்பு பழகியிருந்தது. திங்போச்சேயில் இரண்டு தட்டு சாதம் உள்ளே போனது. இதையே வைத்து, நடந்து வந்தால் மலைநோய் வராது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். லுக்லாவுக்கு மேலே அந்த ஓய்வுநாள் விதி இரண்டு வழிக்காரர்களுக்கும் ஒன்றுதான். ஆனால் மெதுவாகப் போவதைத் தவிர வேறு வழியில்லாத ஒருவருக்கு அவசரப்படும் சபலம் குறைவு.

சொகுசு இந்த மலையில் எந்த அளவு தடுக்கி விழும் என்பதற்குப் பழைய உதாரணம் நாம்சேக்கு மேலே சியாங்போச்சேயில் நிற்கிறது. 1971இல் ஜப்பானியர்கள் திறந்த ஹோட்டல் எவரெஸ்ட் வியூ, 3,880 மீட்டர். ஜன்னலைத் திறந்தால் எவரெஸ்ட். பக்கத்திலேயே ஓடுபாதை. விருந்தாளிகள் காட்மாண்டுவிலிருந்து பறந்து நேராக அங்கே இறங்கினார்கள். பலருக்கு ஜன்னலைப் பார்க்கக்கூடத் தெம்பில்லை. அறைக்கு ஆக்சிஜன் ஏற்பாடு செய்ய வேண்டியதாகிவிட்டது.

சுமை யாருடையது?

என் கணக்கில் இரண்டு வழிக்கும் உள்ள நிஜமான வித்தியாசம் இதுதான்.

முதல் தடவை என் பை 14 கிலோ. லுக்லாவில் அதைத் தூக்கிப் பார்த்த போர்ட்டர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், "கல்லு ஏதும் வச்சிருக்கீங்களா தாஜு?" என்று ஹிந்தியில் கேட்டுச் சிரித்தார். நேபாளியில் தாஜு என்றால் அண்ணன். கல் இல்லை. இரண்டு ஜீன்ஸ், ஒரு தடிப்புத்தகம், பெரிய ஷாம்பூ பாட்டில், எவர்சில்வர் ஃபில்டரும் காப்பித்தூளும் இருந்தன. அதோடு என் கூட்டாளியின் பையையும் சேர்த்து ஒரே கயிற்றில் கட்டி, நாம்லோ என்கிற பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நாம்சே ஏற்றத்தில், உயரத் தொங்கும் அந்தக் கம்பிப் பாலத்தைத் தாண்டியபிறகு, முப்பது அடிக்கு ஒரு தடவை நான் மூச்சுக்கு நின்றேன். அவரும் நின்றார், உட்காராமல். டோக்மா என்ற குட்டைக் கம்பைச் சுமைக்கு அடியில் முட்டுக் கொடுத்து, நின்றபடியே பாரத்தை இறக்கி, வாயால் ஒரு விசில் மாதிரி மூச்சை விட்டார். அவர் காலில் கான்வாஸ் ஷூ. அந்த ஷூவைப் பார்த்தபிறகு என் ஜீன்ஸ் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

என்னைப் போல ஊர் பார்க்க வருகிறவர்கள் பை தூக்குகிற போர்ட்டர்கள் பாடு இது என்றால், சரக்குத் தூக்குகிறவர்கள் பாடு இன்னொன்று. 2005இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வுக்காக, நாம்சே சந்தைக்குச் சரக்கு கொண்டுபோகிறவர்களை வழியில் நிறுத்தி எடை போட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் பாதை, மொத்தமாக 8,000 மீட்டர் ஏற்றம், 6,300 மீட்டர் இறக்கம், ஏழிலிருந்து ஒன்பது நாள். ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதத்தைச் சுமந்தார்கள். ஐந்தில் ஒருவர் 125 சதவீதத்துக்கு மேல். பெண்கள் 66 சதவீதம். மேலே விடுதியில் நீங்கள் உடைக்கும் குளிர்பானம், படுக்கும் மெத்தை, சுவரின் பிளைவுட் எல்லாம் இப்படி ஆள் முதுகிலோ, கோவேறு கழுதை முதுகிலோ, யாக் முதுகிலோ வந்தவை. இந்த மலையில் சொகுசுக்கு எடை உண்டு, அதை யாரோ தூக்குகிறார்கள்.

அப்படியானால் போர்ட்டர் வேண்டாமா? இரண்டாவது தடவை அந்த வீம்பில்தான் போனேன். ஜிரியில் ஒரு டீக்கடைக்காரர் கேட்டார்: "போர்ட்டர் வேணாமா? இங்க பசங்க சும்மாதானே இருக்காங்க." பதில் சொல்ல முடியவில்லை. சுமப்பவர்களில் பலர் ராய், தமாங் சமூகத்தவர், கீழ்ப்பகுதிக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். (ஷெர்பா என்பது இனத்தின் பெயர், சுமை தூக்குகிற எல்லோரையும் அப்படிக் கூப்பிடாதீர்கள்.) சீசன் கூலி அவர்கள் வீட்டுக்கு வருஷ வருமானம். நான் வீம்புக்குச் சுமந்ததால் யார் முதுகும் லேசாகவில்லை. ஒருவருக்கு வேலை போனதுதான் மிச்சம்.

ஆனால் ஒரு லாபம் இருந்தது. நானே சுமக்க வேண்டும் என்று ஆனதும் 14 கிலோ எட்டரைக் கிலோவாகிவிட்டது. வீட்டுத் தராசில் ஒவ்வொன்றாக வைத்து எடுத்தேன். ஜீன்ஸ் போனது, புத்தகம் போனது, ஷாம்பூவும் போனது. போனதில் எதையும் மேலே ஒருநாள்கூட நான் தேடவில்லை.

எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக்கூடாது

எடையைக் குறைக்கிற கட்சிக்காரர்கள் எம்மா கேட்வுட் பாட்டியை இழுக்காமல் விடமாட்டார்கள். 1955இல் 67 வயதில், தானே தைத்த துணிப்பையைத் தோளில் போட்டு, கான்வாஸ் ஷூவோடு, மழைக்குக் குளியலறைத் திரையை வைத்துக்கொண்டு, அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை முழுவதையும் தனியாக நடந்தவர். பெரிய மனுஷிதான். ஆனால் அந்தப் பாதையின் மிக உயரமான இடமே 2,025 மீட்டர். நாம்சே அதைவிட 1,400 மீட்டர் மேலே. அடிவார முகாமுக்கு முந்தின கடைசித் தங்குமிடமான கோரக்ஷேப்பில், 5,164 மீட்டரில், காலையில் அறைக்குள் வைத்த தண்ணீர் பாட்டில் உறைந்திருக்கும். அங்கே திரைச்சீலை வேலைக்கு ஆகாது.

அதனால் தூக்கத்துக்கான எடையில் கை வைக்க மாட்டேன். நல்ல ஸ்லீப்பிங் பேக், இரவுக்கென்றே ஒரு ஜோடி காய்ந்த கம்பளிக் காலுறை. படுக்கும்போது பாட்டிலில் வெந்நீர் நிரப்பிக் காலடியில் போட்டுக்கொண்டால் அதுதான் அன்றைக்கு ஐந்து நட்சத்திரம். விடுதி அறையில் சூடு கிடையாது. அடுப்பு சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும், மரம் இல்லாத உயரத்தில் காய்ந்த யாக் சாணம் போட்டு எரிப்பார்கள்.

குளியலை விட்டுவிடலாம். காசு கொடுத்து வெந்நீரில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வெளியே வந்து நடுங்குவதில் என்ன சுகம்? சாப்பாட்டில் பீட்சா, பர்கர் பக்கம் போகாதீர்கள். இறைச்சி கீழேயிருந்து நாள்கணக்கில் முதுகில் ஏறி வருவது, அதுவும் வேண்டாம். தால்பாத் போதும். சோறு, பருப்பு, காய், ஊறுகாய், கேட்டால் மறுசோறு. நமக்கு வீட்டுச் சாப்பாடு. ஐம்பது கிராம் பருப்புப்பொடி கொண்டுபோனது மட்டும் நான் எந்தத் தராசிலும் வைக்காத சொகுசு.

காசைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரு பக்க விமான டிக்கெட் மிச்சமானால், கூடுதல் ஒரு வாரச் சாப்பாடும் தங்கலும் அதைத் தின்றுவிடும்.

என்னைக் கேட்டால் இரண்டையும் கலப்பேன். பத்தொன்பது, இருபது நாள் கிடைத்தால் ஜிரியிலிருந்து நடை, திரும்பும்போது லுக்லாவிலிருந்து விமானம், கூடவே போர்ட்டர். ஆனால் எட்டுக் கிலோ பையோடு. அவரை அமர்த்தும் முன் மூன்று கேள்வி கேட்பேன்: காப்பீடு இருக்கிறதா, மேலே போட ஜாக்கெட்டும் ஷூவும் இருக்கிறதா, ராத்திரி எங்கே படுப்பார்? இரண்டு வாரம்தான் லீவு என்றால் லுக்லாவே சரி, ஆனால் விமானம் ரத்தாவதற்கென்று இரண்டு நாளாவது கையில் வையுங்கள். நாம்சேயிலும் திங்போச்சேயிலும் ஒவ்வொரு நாள் கூடுதலாக நில்லுங்கள், எவ்வளவு தெம்பாக இருந்தாலும்.

காப்பி ஃபில்டரைத்தான் இன்னும் முடிவு பண்ணவில்லை. முந்நூறு கிராம்.