வாடகை கார் ஷெட்டின் சிமெண்டுத் தரை: எபாக்ஸியா, பெயிண்டா, மாட்டு மேட்டா?

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் வீட்டோடு கார் நிறுத்த இடமில்லாதவர்கள் தெருக்கோடியில் ஒரு ஷெட்டை மாத வாடகைக்குப் பிடித்துக்கொள்வது இப்போது சாதாரணம். மேலே தகரம், முன்னால் ஷட்டர், கீழே சிமெண்டுத் தரை. அட்வான்ஸ் வாங்கும்போது ஷெட்டுக்காரர் அந்தத் தரையை ஒருமுறை பார்ப்பார். காலி செய்யும்போது இன்னும் நன்றாகப் பார்ப்பார். இடைப்பட்ட வருடங்களில் எண்ணெய்க் கறை, டயர்த் தடம், ஜாக்கி வைத்த பள்ளம் எதுவும் பெரிதாக விழாமல், நம் கையிருப்பும் கரையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீடியோக்களில் கண்ணாடி மாதிரி மின்னும் எபாக்ஸித் தரையை, அதாவது இரண்டு திரவங்களைக் கலந்து பூசிக் கெட்டியாக்கும் பிசின் பூச்சைப் பார்த்துவிட்டு அதையே போடலாமா என்று கேட்பவர்கள் அதிகம். பதில் சொல்லுமுன் நம் ஊர் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெல்டாவில் தரைக்கு வரும் தொல்லையில் பாதி மேலே நிற்கும் வண்டியால் வருவதில்லை, கீழேயிருந்து ஏறும் ஓதத்தால் வருகிறது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் நிலத்தடி நீர் மட்டம் மேலே வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் ஏறும். அடியில் களிமண். கோடையில் வயல் வெடிப்பதுபோலச் சுருங்கும், மழையில் உப்பும். நம் பக்கத்துப் பழைய ஷெட்டுகளில் பெரும்பாலும் மண்ணை நிரப்பி, செங்கல் ஜல்லியோ கருங்கல் ஜல்லியோ போட்டு, மேலே ஓர் அங்குலத்துக்குள் சிமெண்டுப் பூச்சு தேய்த்து முடித்திருப்பார்கள். ஈரம் ஏறாமலிருக்க அடியில் பாலிதீன் தாள் விரித்திருக்க வாய்ப்புக் குறைவு. ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஈரம் ஏறுகிறது என்று தரையே சொல்லிவிடுகிறது.

உப்புப் பூக்காத தரையிலும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பாலிதீன் துண்டை விரித்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிடுங்கள். எடுக்கும்போது தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ, தரை அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது. சித்திரையில் பார்த்துவிட்டு நல்ல தரை என்று முடிவுகட்ட வேண்டாம். கார்த்திகையில் தேறினால்தான் தேர்ச்சி.

எபாக்ஸி நல்ல பொருள்தான். சரியாகப் போட்டால் எண்ணெய் இறங்காது, துடைத்தால் போய்விடும், தேய்மானமும் குறைவு. ஆனால் ஓதம் ஏறும் தரையில் அது அடியிலிருந்து கொப்புளித்து வரும். ஓடி வந்த கார் டயரின் சூட்டில், பிடிப்பு பலவீனமான இடத்தில் டயரோடு ஒட்டிக்கொண்டு பெயர்ந்தும் வரும். இதைத் தவிர்க்க மிஷின் வைத்துத் தரையைத் தேய்க்க வேண்டும், ஈரம் தாங்கும் பிரைமர் அடிக்க வேண்டும், வண்டியை ஏற்ற ஏறக்குறைய ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டும் நாளில் அடித்தால் மேலே மெழுகு மாதிரிப் படலம் கட்டி அடுத்த கோட்டு பிடிக்காது. ஆக, நமக்குத் தோதான காலம் மாசி முதல் வைகாசி வரைதான். இதில் பெயிண்ட் டப்பாவின் விலையை மட்டும் கணக்குப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். செலவில் கணிசமான பங்கு தேய்க்கும் கூலிக்கே போகும். அதைவிடப் பெரிய விஷயம், போகும்போது கையோடு எடுத்துப்போக முடியாது. அடுத்து வருபவருக்கும் ஷெட்டுக்காரருக்கும் நாம் செய்துவைக்கும் தானம் அது. மலிவு பார்த்து மேலாகப் பூசிப் பாதி உரிந்துவிட்டாலோ, தானத்தோடு அபராதமும் சேரும்.

எபாக்ஸிக்குக் காசில்லை, சாதாரண எனாமல் பெயிண்டையே அடித்துவிடுவோம் என்று கிளம்புபவர்களுக்கு ஒரே வார்த்தை: வேண்டாம். சிமெண்டில் காரம் இருக்கிறது. ஈரமும் சேர்ந்தால் எனாமலில் உள்ள எண்ணெய்ப் பொருள் சோப்பாக மாறிவிடும். கோடையில் அடித்தது தைப் பொங்கலுக்குள் செதில் செதிலாக எழும்பி நிற்கும்.

தேய்த்தால் மாவு மாதிரித் தூசி கிளம்புகிற தரைக்கு மட்டும் ஒரு சிக்கனமான வைத்தியம் உண்டு. சோடியம் சிலிகேட், கெமிக்கல் கடைகளில் வாட்டர் கிளாஸ் என்று கேட்டால் தருவார்கள். தண்ணீர் கலந்து தரையில் விட்டுப் பரப்பினால், சிமெண்டில் மிச்சமிருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து துவாரங்களுக்குள்ளேயே கெட்டிப்படும். தூசி குறையும், மேற்பரப்பு இறுகும். மேலே படலம் எதுவும் இல்லாததால் உரிந்து வரவும் வழியில்லை, ஓதமும் தன்பாட்டில் வெளியேறிக்கொள்ளும். ஊறியது போக மேலே தேங்கியதை அப்படியே காயவிட்டால் வெள்ளைத் திட்டு விழும், தண்ணீர் விட்டுத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய்க் கறையை இது தடுக்காது. ஒருமுறை ஊறினால் திரும்ப எடுக்கவும் முடியாது என்பதால் ஷெட்டுக்காரரிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பெரும்பாலும் “செய்ங்க தம்பி, நல்லதுதானே” என்பார்கள், செலவு நம்முடையதாக இருக்கும்வரை.

விரிப்பு வகைகளில் பழைய ஃப்ளெக்ஸ் பேனர்தான் கிடைப்பதிலேயே மலிவு, பல சமயம் சும்மாவே கிடைக்கும். பாலியெஸ்டர் துணியின்மேல் பிவிசி பூசியது என்பதால் எண்ணெய் இறங்காது. ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் டயர் அதைச் சுருட்டிக்கொண்டு போகும், நனைந்தால் வழுக்கும். தரை முழுக்க மூடிவிட்டால் ஓதம் அடியிலேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும், பூரானும் தேளும் குடிவரும். தார்ப்பாய், சில்பாலின் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். டூவீலரின் அடியில் ஒரு துண்டு, ஆயில் மாற்றும் அன்றைக்கு ஒரு துண்டு என்று பயன்படுத்தினால் போதும். வீட்டு ஹாலுக்குப் போடும் வினைல் ஷீட்டு ஷெட்டுக்கு ஆகாது. டயர் ரப்பரில் இருக்கும் ரசாயனம் அதில் இறங்கிப் பழுப்புக் கறையாகிவிடும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் டைல்ஸ் அடியில் காற்றோட்டம் விடும், கழற்றி எடுத்துக்கொண்டும் போகலாம், குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் முழுத் தரைக்கும் வாங்கும்போது பட்ஜெட் என்ற பேச்சே அடிபட்டுப்போகும். பிளைவுட்டைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, அதைக் கரையான் பார்த்துக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது மாட்டுக் கொட்டகையில் போடும் ரப்பர் மேட். கால்நடைத் தீவனக் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும். வழக்கமான அளவு ஆறரை அடிக்கு நாலடி, கனம் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பசு மிதித்துப் படுத்து எழுவதற்கென்று செய்தது, காரின் பாரத்துக்கு அசையாது. ஆனால் ஷெட் முழுக்க இதைப் பரப்ப நினைத்தால் எபாக்ஸியோடு போட்டிபோடும் செலவாகிவிடும். பரப்பத் தேவையும் இல்லை. பத்துக்குப் பதினெட்டு ஷெட் என்றால் 180 சதுர அடி. அதில் டயர் நிற்பது நாலே இடத்தில். ஒரே மேட்டை நாலாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் மூன்றேகால் அடி நீளம், இரண்டடி அகலம். சின்ன காரின் நாலு சக்கரத்துக்கும் தாராளமாகப் போதும். முன்னே பின்னே கொஞ்சம் தள்ளி நிறுத்தினாலும் துண்டைவிட்டு இறங்காது. எபாக்ஸியில் 180 சதுர அடிக்கும் காசு கொடுத்தாக வேண்டும், இதில் 26 சதுர அடிக்கு மட்டும்தான். மிச்சத் தரை வெறுமனே கிடந்து மூச்சுவிடட்டும்.

வாங்கும்போது அடிப்பக்கம் வரிவரியாகப் பள்ளம் உள்ளதாகப் பாருங்கள், ஈரம் வெளியேற அதுதான் வழி. வெட்டுவது கொஞ்சம் வேலை. அடியில் கட்டை கொடுத்து, கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரே கோட்டில் பலமுறை இழுக்க வேண்டும். முதல் சில வாரம் ரப்பர் நாற்றம் இருக்கும். கறுப்பு ரப்பர் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் கிடந்தால் தரையில் நிழல்போலத் தடம் விழும், ஆகவே மாதம் ஒருமுறை தூக்கிச் சாய்த்துக் காயவிடுங்கள். மேட்டுக்குப் பதில் பழைய இரும்புக் கடையில் கன்வேயர் பெல்ட் துண்டு கிடைத்தால் அதுவும் ஆகும். கம்பி கோத்த பெல்ட்டாக மட்டும் இருக்கக் கூடாது. அறுபட்ட ஓரம் டயரைக் கிழிக்கும்.

எஞ்சினுக்கு அடியில் ஒரு தகரத் தட்டு வையுங்கள், ஓரம் மடித்தது. கொஞ்சம் உமிச்சாம்பலோ தேங்காய் நார்க்கழிவோ அதில் பரப்பிவிட்டால் சொட்டும் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். தரையிலேயே சிந்திவிட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவப்போகாதீர்கள், கறை பரவும். முதலில் சாம்பலையோ உலர்ந்த சிமெண்டையோ கொட்டி ஊறவிட்டுக் கூட்டி எடுங்கள், சோப்புத்தூள் பிறகு.

எஞ்சின் ஆயில் தரையின் அழகைத்தான் கெடுக்கும். சிமெண்டையே அரிப்பது வேறு சரக்கு. இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து வழியும் ஆசிட் பட்ட இடம் நுரைத்துப் பொருபொருத்துவிடும், உடனே ஆப்பச்சோடாவைத் தூவ வேண்டும். விவசாயம் உள்ளவர்கள் ஷெட்டின் மூலையில் உரமூட்டையையும் அடுக்கிவிடுகிறார்கள். அமோனியம் சல்பேட் ஈரத்தில் கரைந்து இறங்கினால் கான்கிரீட்டை உள்ளுக்குள் தின்றுவிடும். மரச்சட்டத்தின்மேல் அடுக்குங்கள், அல்லது வேறு இடம் பாருங்கள். ஜாக்கியும் டூவீலரின் சைடு ஸ்டாண்டும் மெல்லிய பூச்சை ஒரே புள்ளியில் குத்திப் பெயர்க்கும். மேட் வெட்டியதில் மிச்சம் வராது என்பதால், கைப்பிடி அகலப் பலகைத் துண்டு இரண்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

குடிபுகும் அன்றே தரையின் நாலு மூலையையும் ஏற்கனவே உள்ள வெடிப்புகளையும் போட்டோ எடுத்து ஷெட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தை எழுத்தில் போடச் சொல்கிறது. அந்தத் தாளிலேயே தரையின் நிலையைப் பற்றி ஒரு வரி சேர்த்தால், களிமண் உப்பி வந்த வெடிப்புக்கு உங்கள் அட்வான்ஸில் கை வைக்க முடியாது.

எபாக்ஸிக்கு நான் சம்மதம் சொல்வது ஒரே நிலையில்தான். அடியில் மண் இல்லாமல் இன்னொரு தளம் இருக்கும் கட்டடமாக இருக்க வேண்டும், திருச்சி, தஞ்சாவூர் அடுக்குமாடிகளில் சிலவற்றில் அப்படி உண்டு. பாலிதீன் சோதனையில் துளி கோக்கக் கூடாது. பாதிச் செலவை உரிமையாளர் ஏற்றுக்கொண்டு அதையும் எழுத்தில் தர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் தீவனக் கடைக்கே போங்கள்.