பழைய மாருதி 800: நிக்கல் பிளக்கா, இரிடியமா?

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் கருவி) உள்ள இந்த வண்டிக்கு, அந்தக் கலவையைப் பொறியால் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் மூன்று வேண்டும். நிக்கல் விலை குறைவு. ஆனால் முனை தேய்ந்து இடைவெளி அகலும். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை கழற்றி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து 0.7–0.8 மி.மீ.க்குச் சரிசெய்ய வேண்டும்.

இரிடியம் பல மடங்கு விலை. மெல்லிய முனை என்பதால் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி வரும், தேய்மானமும் குறைவு. ஆனால் கார்புரேட்டர் பெட்ரோலை அதிகம் விட்டால் இதிலும் கரி படியும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் முனை கெடும். அப்படிக் கரி படியும் வண்டியில் இதன் நீண்ட ஆயுள் முழுதாகக் கிடைக்காது.

நிக்கலே போதும். மிச்சப் பணத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் பிரித்துவிடும் கருவி) மூடி, அதனுள் சுழலும் ரோட்டார், அங்கிருந்து பிளக்குகளுக்குப் போகும் ஹை டென்ஷன் (உயர் மின்னழுத்த) வயர்களை மாற்றுங்கள், மழையில் மிஸ்ஸிங் (எஞ்சின் விட்டுவிட்டு ஓடுவது) வந்தால் முதல் சந்தேகம் அவற்றின் மேல்தான். வயர்களை ஒவ்வொன்றாகவே மாற்றவும். சிலிண்டர்கள் பற்றும் 1-3-2 வரிசை குழம்பினால் எஞ்சின் உதறும். பிளக் பொருந்தும் சிலிண்டர் ஹெட் அலுமினியம், அதன் மரை எளிதில் கெடும்; அதனால் எஞ்சின் ஆறிய பின், பிளக்கை முதலில் கையாலேயே திருகுங்கள்.